வாய்க்கால் கரை வழியாக

நவம்பர் 9

மருமகள் வினோதினி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அத்தை, பொங்கல் லீவுல நாம ரெண்டு பேரும் சைக்கிள்ல எங்கயாச்சும் போலாங்களா?"

முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். அச்சைக் கீழே வைத்தேன். "எங்க கண்ணு?"

"எங்கயோ. லாரி, பஸ் வராத ரோடா. பச்சையா இருக்கோணும். உங்களுக்குத் தெரியாத ரோடுங்களா?"

அது வாஸ்தவம். இந்தக் கோபிச்செட்டிபாளையத்தில் பி.டி. டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகாத ஊர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் பாரியூர் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். மருமகள் ஒரு நாளும் கூட வந்ததில்லை. என் மகன் சசிதரன் இருந்தவரை அவன் வருவான். ஒரு காய்ச்சலில் போய்விட்டான். நாலு வருஷமாகிறது. அவள் பெற்றோர் வந்து கூப்பிட்டும் போகாமல் என்னோடேயே இருக்கிறாள்.

போகலாம் என்றேன். முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது.

ராத்திரி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வழியை வரைய ஆரம்பித்தேன். இந்த டைரியையும் அதற்காகத்தான் எடுத்திருக்கிறேன். வழி, சாப்பாடு, தங்குமிடம் தவிர வேறெதுவும் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 11

சசியின் சைக்கிளை வினோதினிக்குத் தயார் செய்யக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். டயர், டியூப் இரண்டும் மாற்றவேண்டும். சீட் அவன் உயரத்திலேயே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கடைக்காரர் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க டீச்சர், ஊறட்டும்" என்றார்.

நவம்பர் 12

சீட்டை இறக்கியாயிற்று.

நவம்பர் 16

விடாத மழை. வீட்டுக்குள் உட்கார்ந்து வழியை முடிவு செய்தேன். கோபியிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டியே கொடிவேரி. ஆற்றுப் பாலம் தாண்டினால் எதிர்க்கரை. பங்களாப்புதூரில் என்னோடு வேலை பார்த்த மரகதம் டீச்சர் வீட்டில் ராத்திரி தங்கல். மறுநாள் மலையடிவாரத்தில் குண்டேரிப்பள்ளம் அணை. திரும்பும்போது அத்தாணி, சவுண்டப்பூர் வழி. இந்தச் சுற்றில் நெல், கரும்பு, வாழை, பாக்கு எல்லாம் வந்துவிடும்.

வினோதினியிடம் காட்டலாமென்று தேடினால் மொட்டை மாடியில் இருக்கிறாள். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஃபோன் பேசுகிறாள். கணக்கு டீச்சர்களுக்கு அரைப்பரீட்சை சமயத்தில் ஃபோன் அதிகம் வரும்போல.

நவம்பர் 23

பழகிப் பார்க்க இருவரும் பாரியூர் வரை போனோம். நன்றாகத்தான் மிதிக்கிறாள். தோளை மட்டும் இறுக்கிக்கொள்கிறாள். கோயில் தாண்டியதும் என் பக்கத்தில் இணையாக வந்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"ஒத்தையாப் போ கண்ணு. பின்னால வண்டி வருது."

ஒரு பால் வண்டி வந்தது. கொஞ்சம் தூரத்தில்தான் வந்தது. ஆனாலும் ரோட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதன்பின் வீடு வரும்வரை அவள் பின்னால்தான் வந்தாள்.

வழியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கொடிவேரி வரை தார்ரோட்டில் போக வேண்டாம். அகலமாக இருக்கிறது, இரண்டு சைக்கிள் சேர்ந்து போகத் தோன்றும். வாய்க்கால் கரைமேல் இருக்கும் மண்பாதையே நல்லது. ஒரு சைக்கிள்தான் போகமுடியும். காட்சியும் அங்கேதான் அதிகம்.

நவம்பர் 30

பக்கத்து வீட்டுச் சொர்ணம் வெங்காயம் உரிக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டரும் வினோதினியும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் டீ குடித்ததை அவள் வீட்டுக்காரர் பார்த்தாராம். பேக்கரியில் டீ குடிக்காமல் வேறென்ன குடிப்பார்கள் என்று கேட்டேன். சொர்ணம் வெங்காயத்தைப் பாதியில் விட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு வினோதினி பப்ஸ் வாங்கி வந்தது ஞாபகமிருக்கிறது. முகம் வெளிச்சமாக இருந்தது. நானும் ஒன்று தின்றேன்.

டிசம்பர் 4

மூட்டு வலிக்கிறது. பொங்கலுக்குப் பதிலாகப் பயணத்தைக் கோடைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று வினோதினியிடம் சொன்னேன்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "உங்களுக்கு முடியலைன்னா வேண்டாங்கத்தை" என்றாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

டிசம்பர் 5

மூட்டு சரியாகிவிட்டது. பொங்கலுக்கே போகிறோம்.

டிசம்பர் 12

குண்டேரிப்பள்ளம் ரோட்டில் யானை இறங்குகிறது என்று பேச்சு. அந்தப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர் யாரிடமாவது விசாரிப்பது நல்லது. மாடு பார்க்கப் போகிற டாக்டரைவிட யார் அடிக்கடி போகிறார்கள்? வனத்துறை ஆபீசில் கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் இளமாறன் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தார். தோள்வரைக்கும் கையுறை. மாட்டுக்காரர்தான் பதறிக்கொண்டிருந்தார், மாடு பதறவில்லை. முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கலாம். முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. கை கழுவிக்கொண்டு வந்தவரிடம், நான் சுலோசனா, ரிட்டயர்ட் டீச்சர் என்றேன். துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே கையில் நின்றுவிட்டது.

"உட்காருங்க டீச்சர்" என்றார். தானும் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

காலண்டர் தாளை மேசையில் விரித்தேன். குனிந்து பார்த்தார். ஒரு வளைவில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல ரெண்டு பக்கமும் மூங்கில் அடர்த்தியா இருக்கும். வெயில் நல்லா ஏறினப்புறம் போங்க. சாயங்காலம் வேண்டவே வேண்டாம்."

"நீங்க அந்தப் பக்கம் சைக்கிள்ல போனதுண்டுங்களா?"

"எனக்கு சைக்கிள் விடத் தெரியாது டீச்சர்."

"நெசமாவா?"

"சின்னப் பிள்ளையில குளத்துக்குள்ள விட்டுட்டேன். அதோட சரி." காது இரண்டும் சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். மன்னார்குடிப் பக்கம் என்றார். அதற்குமேல் யார் என்ன என்று கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்டால் எனக்கு அதில் ஏதோ வேலை இருப்பதுபோல் ஆகிவிடும். மனைவி பிரசவத்தில் தவறிவிட்டதாக அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையும் தங்கவில்லையாம்.

கேட் வரை கூட வந்தார். குனிந்து என் சைக்கிளின் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, "காத்து இருக்கு" என்றார். சைக்கிள் விடத் தெரியாத மனிதர்.

ராத்திரி சாப்பிடும்போது வினோதினி என்னை நிமிர்ந்து பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள்.

"இன்னிக்கு எங்கயாச்சும் போயிருந்தீங்களாத்தை?"

"யானையப் பத்தி விசாரிக்கப் போயிருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"வெயில் ஏறினப்புறம் போகச் சொன்னாங்க."

இரண்டு பேரும் ரசம் ஊற்றிக்கொண்டோம்.

டிசம்பர் 20

என் கொழுந்தனார் ரங்கசாமி வந்திருந்தார். வினோதினி பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணி, ஊருக்குள்ள பேச்சு நல்லா இல்லீங்க. அந்த டாக்டர் நம்ம ஆளுங்களும் இல்லை. பேசாம மருமகளை அவங்கப்பன் வீட்டுக்கு அனுப்பிருங்க. அங்க போய் என்னமோ பண்ணிக்கட்டும். நம்ம வீட்டுப் பேரு கெடக்கூடாது பாருங்க."

"அவளும் நானும் பொங்கலுக்குச் சைக்கிள்ல போறோம். அதுக்குப் பூரி மாவு பிசைஞ்சு கொண்டு போறதா, தோசையாவே சுட்டுக் கொண்டு போறதான்னு யோசிச்சுட்டிருக்கேன்."

"நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க?"

"தோசைதான் கெடாது."

எழுந்து போய்விட்டார். நல்ல எண்ணத்தில்தான் வந்திருப்பார். முன்பும் ஒருமுறை இப்படித்தான் வந்தார். சசியின் அப்பா தவறியபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுப் பேரைப் பற்றி இதே மாதிரிதான் பேசினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது சிதம்பரநாதன் என்று ஓர் அறிவியல் வாத்தியார் இருந்தார். நல்ல மனிதர். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாற்காலியின் பிரம்பு பிய்ந்திருக்கிறது. பின்னக் கொடுக்கவேண்டும்.

டிசம்பர் 21

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 17

தோசை சுட்டாகிவிட்டது. இட்லிப்பொடி, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஆளுக்கொரு துண்டு. மரகதத்துக்கு மாங்காய் ஊறுகாய். நாளைக்கு விடிந்ததும் கிளம்புகிறோம். வினோதினி சீக்கிரமே படுத்துவிட்டாள். அவள் அறையில் விளக்கு எரிகிறது.

ஜனவரி 18, பங்களாப்புதூர்

மரகதம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இரண்டும் கனக்கின்றன, ஆனால் சந்தோஷமான கனம்.

காலையில் பனி. வாய்க்கால் நிறையத் தண்ணீர், அதன்மேல் ஆவி போல் வெண்மை. கரைப்பாதையில் நான் முன்னால், அவள் பின்னால். சில வயல்களில் அறுப்பு முடிந்து தாளடி தெரிந்தது. சில வயல்களில் கதிர் இன்னும் சாய்ந்து நிற்கிறது. நாரைகள் சைக்கிளுக்கு எழுந்து பறக்கவில்லை, இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டன. ஓரிடத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாக்கள் கையை நிறுத்திவிட்டு, "எந்தூர்க்குப் போறீங்க?" என்று கேட்டார்கள். "சும்மா போறோம்" என்று வினோதினி சத்தமாகச் சொன்னாள். அவள் அப்படிச் சத்தமாகப் பேசிக் கேட்டு வெகுநாளாகிறது.

கொடிவேரியில் கூட்டம் அதிகம். ஓரமாக உட்கார்ந்து தோசை தின்றோம். அவள் வறுத்த மீன் வாங்கி வந்தாள். முள் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கிளம்பலாம் என்றேன்.

பாதை நான் நினைத்தபடியே ஒற்றைப் பாதைதான். வழிநெடுக அவள் சைக்கிள் சத்தம் என் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு தடவை அது கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாழைத்தோப்பு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூச்சி விழுந்துவிட்டதாம்.

ஜனவரி 19, கோபி

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

வெயில் ஏறின பிறகே கிளம்பினோம். குண்டேரிப்பள்ளம் போகும் ரோடு கண்ணுக்குத் தெரியாமல் மேடேறுகிறது. பார்த்தால் சமமாக இருக்கிறது, மிதித்தால்தான் தெரிகிறது. மூங்கில் வளைவு தாண்டியதும் எனக்கு மூச்சு வாங்கியது. இந்த முறை மூட்டு நிஜமாகவே வலித்தது. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். அவளும் இறங்கி என் பக்கத்தில் வந்தாள். ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. ஒத்தையாக வா என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஒரு சிறு பாலம் வந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"உட்காரு கண்ணு. என்னமோ சொல்லோணும்னயே, சொல்லு."

அவள் உட்காரவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சொன்னாள். இளமாறன் பெயரைச் சொன்னாள். அவர் கேட்டு ஆறேழு மாசமாகிறதாம். தனக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது சசியின் சைக்கிளைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, பென்னாகரம் போகவேண்டும், பதில் சொல்லியாகவேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருக்கேன் அத்தை. ஊருக்குப் போனதும் சொல்லிருவேன். உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிங்க போறது? அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிரோணும்னு இருந்துச்சு. மறைச்சு வெச்சுட்டு உங்க கையால சாப்பிட முடியல. அதுக்குத்தான் இங்க வரலாம்னேன்."

போகப்போகிறேன் என்றுதான் சொல்வாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போகவில்லை என்று சொல்வாள் என நான் எதிர்பார்க்கவில்லை.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். "சரி கண்ணு, உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட எனக்கு வாய் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முன்போலவே இருந்திருக்கும். அவள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். இரண்டு பேரும் ரசம் ஊற்றிக்கொள்வோம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அணைப் பக்கமிருந்து ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு. பப்ஸ் வாங்கிட்டு வந்தயே, அப்பவே தெரியும்."

நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சு வெச்சுட்டுத்தானா இத்தனை நாளும் என்னைப் பேச விடாம ஓட்டுனீங்க? வண்டி வருது, மூட்டு வலிக்குது, யானை வருதுன்னு. நான் எத்தனை நாள் தூங்கலைன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"நீ சொல்லிட்டா போயிருவே. சொல்லாத வரைக்கும் இருப்பயல்ல. அதான்."

அவள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். நானும்.

பிறகு அவளிடம் சிதம்பரநாதனைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரிதாகச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஒரு நாள் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரங்கசாமி வந்து பேசினார். நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். மாற்றலாகிப் போகும்போது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று.

"அப்ப வேண்டாம்னது உங்களுக்கு வருத்தமா அத்தை?"

"சசிய நல்லா வளர்த்தேன். வேலையில குறை வெச்சதில்ல. வருத்தம்னு உட்கார்ந்து நினைச்சதில்ல. ஆனா எனக்காக யாரும், போன்னு சொன்னதில்ல கண்ணு. அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ" என்றேன். "என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும்."

"நீங்களும் எங்ககூட வந்துருங்கத்தை."

"கலியாணம் ஆன புதுசுல மாமியாரைக் கூட்டிட்டுப் போறவ உலகத்துல நீ ஒருத்திதான் இருப்பே. அதெல்லாம் வேண்டாம். லீவுக்கு வா."

அணை வரை நடந்தே போனோம். தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே இறங்கும்போது மிதிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முன்னால் போனாள்.

பிப்ரவரி 6

ரங்கசாமி ஃபோனில் கத்தினார். இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம். சரிங்க என்றேன். ஃபோனை வைத்த பிறகு ஒரு பக்கெட் துணியை அலசிப் போட்டேன்.

வினோதினியின் அப்பா வந்துபோனார். அதிகம் பேசாத மனிதர். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பிப்ரவரி 21

இளமாறன் சாப்பிட வந்தார். கூச்சத்தில் மூன்று தடவை சாம்பார் வாங்கிக்கொண்டார், வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் சசியின் படத்துக்கு முன்னால் போய்ச் சிறிது நேரம் நின்றார். ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 14

வினோதினியின் புத்தகங்களைப் பெட்டியில் கட்டினோம். அலமாரி இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிகிறது.

மார்ச் 27

இன்று பதிவாளர் ஆபீசில் கல்யாணம். வினோதினியின் பெற்றோர், இளமாறனின் அண்ணன், நான். மரகதமும் பஸ் பிடித்து வந்திருந்தாள். எங்கள் ரங்கசாமி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வினோதினி ஊதாப் பட்டு கட்டியிருந்தாள். மாலை மாற்றும்போது அவருக்குக் கண்ணாடி நழுவியது, அவள்தான் பிடித்தாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸில் இருந்த எழுத்தர் வயதானவர். தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டு போனார். பெயர், வயது, விலாசம்.

"என்ன உறவுங்க?"

"மாமியார்."

"மாப்பிள்ளையோட அம்மா." எழுதப் போனார்.

"இல்லீங்க. பொண்ணோட மாமியார்."

"அதுதானுங்க, பொண்ணோட மாமியார்னா மாப்பிள்ளையோட அம்மாதானுங்களே?"

"இவரோட அம்மா இல்லீங்க. என்ற பையன் இப்ப இல்லை. இவ என்ற மருமக."

தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், மாலையோடு நின்ற வினோதினியைப் பார்த்தார். பேனாவை மேசைமேல் வைத்தார். வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுத்தர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

"நின்னுட்டே எழுத வேண்டாங்கம்மா" என்றார். "உட்கார்ந்து, நீங்களே உங்க கையால எழுதிருங்க."

உட்கார்ந்தேன். மாமியார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.